என் கணவரும் நானும் அழைக்கிறோம்

என் பிரியத்துக்குரியவரே, மாலதியின் அப்பாவே,

நிறையச் சொல்ல வேண்டும், நடுவில் குறுக்கே பேசாமல் கேளுங்கள். நம் மாலதிக்குக் கல்யாணம். வருகிற வியாழக்கிழமை முகூர்த்தம். மாப்பிள்ளைக்கு மைசூரிலேயே வேலை. காபியைச் சத்தம் வராமல் குடிக்கிறார், உங்களைப்போல இல்லை. நீங்கள் விண்ணப்பம் போட்டுவிட்டுப் போன டெலிபோனும் ஒருவழியாக வந்துவிட்டது. மணி அடித்தால் போதும், நான் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து மாலதி சிரிக்கிறாள்.

பத்திரிகை அடிக்க உங்கள் அண்ணன் சேலத்திலிருந்து வந்தார், கல்யாணம் வரை இங்கேயேதான் இருக்கிறார். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் கன்னடம். அழைப்பவர் என்ற இடத்தில் அவர் பெயரும் அவர் மனைவி பெயரும். கணவன் இல்லாதவள் பெயரில் சுபகாரியத்துக்கு அழைக்கும் வழக்கம் நம் குடும்பத்தில் இல்லையாம். பாவம், அவரும் சங்கடப்பட்டுக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. என் பெண் கல்யாணத்துக்கு வாருங்கள் என்று நான் சொல்லக்கூடாதா?

அப்போதுதான் உங்கள் ரயில்வே சிநேகிதர்கள் நினைவுக்கு வந்தார்கள். மாற்றலாகி ஒருவர் நாக்பூரில், ஒருவர் குண்டக்கல்லில், இன்னொருவர் கல்கத்தாவில். அவர்களுக்கு இந்தப் பத்திரிகையில் ஓர் எழுத்தும் படிக்க வராது. கூடவே இங்கிலீஷில் ஒரு கடிதம் வைத்தாக வேண்டும். நானே எழுதுகிறேன் என்றேன். மாலதி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

எனக்கென்ன பயம்? காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று இந்த வீட்டில் நீங்கள் எழுதாத அழைப்புக் கடிதமா? வாய்விட்டுச் சொல்லாமல் ஒரு வரி எழுத வராதே உங்களுக்கு. அடுப்படியில் நின்று கேட்டுக் கேட்டு எனக்கு எல்லாம் மனப்பாடம். ‘மை ஒய்ஃப் அண்ட் ஐ’ என்று ஆரம்பித்து, அழைப்பதில் மகிழ்ச்சி அடைகிறோம் என்று போகும். ஒய்ஃப் இருந்த இடத்தில் ஹஸ்பெண்டைப் போட்டேன். மீதி எல்லாம் தானாக வந்தது. கையெழுத்துப் போட்டு, ஸ்டாம்பு ஒட்டி, அன்றைக்கே தபாலில் சேர்த்தேன். திரும்பி வரும்போது தேவராஜ மார்க்கெட்டில் மல்லிகை வாங்கி உங்கள் படத்துக்கு வைத்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

சாயங்காலம் மேஜையில் கிடந்த நகலை மாலதி படித்தாள். “அம்மா, அப்பாவும் சேர்ந்து கூப்பிடற மாதிரி எழுதிட்டீங்களே” என்றாள். நகலை வாங்கிப் பார்த்தேன், அப்போதுதான் எனக்கும் உறைத்தது. உங்கள் காரியத்துக்கு வந்துபோனவர்கள் ஆயிற்றே அவர்கள். எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்றல்லவா நினைப்பார்கள்? திருத்தி வேறு கடிதம் போடலாமா என்று கேட்டாள். போடவும் மனமில்லை, விடவும் மனமில்லை, நாட்கள் ஓடிவிட்டன.

நேற்று டெலிபோன் அடித்தது. நாக்பூரிலிருந்து டிசோசா. உங்களோடு மைசூரில் வேலை பார்த்தபோது பேசிப் பழகிய தமிழ் அவருக்கு இன்னும் மறக்கவில்லை.

“மேடம், அவனும் நீங்களும் சேர்ந்து கூப்பிட்டிருக்கீங்க. நான் வராம இருப்பேனா?” என்றார். ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்றாம், மனைவியோடு வருகிறாராம்.

போனை வைத்துவிட்டு நேராக உங்கள் அண்ணனிடம் போனேன். கல்யாணத்தன்று மண்டப வாசலில் நிற்கப்போகிறேன் என்றேன். பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று தயங்கினார்.

“கூப்பிட்டது நானு. வர்றவங்களை வாங்கன்னு நான்தானே சொல்லணும்?” என்றேன். எனக்கு இப்படிப் பேச வரும் என்று எனக்கே தெரியாது. அவர், “பன்னீர்ச் செம்பை நீயே பிடிச்சுக்கம்மா” என்றார்.

அந்தக் கடிதத்தை நான்தான் எழுதினேனா, இல்லை நீங்கள் சொல்லச் சொல்ல எழுதினேனா?

வியாழக்கிழமை காலையில் உங்களுக்குப் பிடித்த பச்சைப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்பேன். உங்கள் சிநேகிதர்கள் படியேறி வரும்போது பின்னால் ஒதுங்க மாட்டேன். ஒவ்வொருவரையும் இரண்டு தடவை வாங்க என்பேன். ஒன்று எனக்காக, ஒன்று உங்களுக்காக.

உங்களோடு சேர்ந்து அழைக்கும்,
மாலதியின் அம்மா