மலையில் பொழுது சாய்ந்த பிறகு

அருகன் துணை

காஞ்சிபுரம்,
25-9-2002

அன்பு மகள் பிராமிக்கு அம்மா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கு நான், உன் அப்பா, உன் தம்பி அர்ஹந்த், கொல்லையில் இருக்கும் இரண்டு மாடுகள் எல்லோரும் நலம். உன் நலத்தைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நீ போட்ட கடிதத்தில் முதல் பக்கத்தில் நலம் என்று இருக்கிறது, மூன்றாம் பக்கத்தில் மலைச்சரிவில் மயங்கி விழுந்தேன் என்று இருக்கிறது. சத்தம் போட்டுப் படித்துக்கொண்டு வந்த அர்ஹந்த் அந்த இடத்தில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தான். அப்பா முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. இனிமேல் விழுந்த சங்கதியை முதல் பக்கத்தில் எழுது, நலத்தைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம்.

முதலில் ஊர் சமாச்சாரத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துபோகும். தசலட்சண பர்வம் பத்து நாளும் நல்லபடியாக முடிந்தது. அப்பா ஒருவேளைச் சாப்பாட்டோடு பத்து நாளையும் ஓட்டினார். நான் முதல் நாள் முழுப் பட்டினி இருந்துவிட்டு, கோயிலில் பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து அர்ஹந்தைக் காரணமே இல்லாமல் திட்டினேன். ஆவணியில் இரண்டு மழை பெய்தது, மாகறல் நிலத்தில் நாற்று விட்டாயிற்று, மேற்கே இருக்கும் கிணறு மட்டும் இன்னும் மனசு வைக்கவில்லை. எதிர்வீட்டு தேவகி வீட்டுத் தறியில் மாம்பழக் கலரில் ஒரு கல்யாணப் புடவை ஓடிக்கொண்டிருக்கிறது, வந்து பார்த்தே ஆக வேண்டும் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். புழுவை வேகவைத்து எடுக்கிற நூல் என்று நம் வீட்டில் பட்டு கட்டுவதில்லையே தவிர, பார்க்கக் கூடாது என்று எந்த ஜைன சாஸ்திரத்திலும் இல்லை, அதனால் நன்றாகப் பார்த்துவிட்டு, பார்டர் இன்னும் கொஞ்சம் அகலமாக இருந்திருக்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அர்ஹந்துக்கு வாலாஜாபாத் ரைஸ் மில்லில் வேலை பழகிவிட்டது, சட்டை முழுக்கத் தவிட்டோடு வருகிறான், துவைக்கிறவள் நான்.

தேவகி உன்னைப் பற்றிக் கேட்காத நாள் இல்லை. மலையைக் காப்பாற்றப் படிக்கப் போயிருக்கிறாள் என்று சொன்னால் அவளுக்குச் சிரிப்பு. மலையை யாரு தூக்கிக்கினு போகப் போறாங்க, அதைக் காப்பாத்த இத்தாலி வரைக்கும் போவணுமா என்று கேட்டாள். நான் விடுவேனா, நீ எழுதியிருந்ததை எல்லாம் அப்படியே ஒப்பித்தேன். உலகம் சூடாகிக்கொண்டு வருகிறது, மலையில் பனி சீக்கிரம் உருகுகிறது, ஒரு மாதத்து மழை ஒரே நாளில் கொட்டுகிறது, மண் பிடிப்பு விட்டுச் சரிந்து வருகிறது, இன்னொரு பக்கம் ஊற்றுகள் வற்றுகின்றன, ஆகவே எங்கே வீடு கட்டலாம், எங்கே மரத்தில் கை வைக்கக் கூடாது, மழைத் தண்ணீரை எப்படி மெதுவாக இறக்கிவிட வேண்டும் என்று மலைகளில் வேலை பார்க்கிற அதிகாரிகளுக்கெல்லாம் அங்கே சொல்லித் தருகிறார்கள், பெருவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் எத்தியோப்பியாவிலிருந்தும் ஆட்கள் வந்திருக்கிறார்கள், எங்கள் பெண் நீலகிரியில் மண் பாதுகாப்பு இன்ஜினியர் என்பதால் சர்க்கார் அவளை அனுப்பியிருக்கிறது, திரும்பி வந்ததும் ஊட்டியில் மற்ற அதிகாரிகளுக்கு அவள்தான் வகுப்பு எடுக்கப் போகிறாள் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அப்போ பாப்பா மலைக்கு டீச்சருன்னு சொல்லு என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன், அதற்கு மேல் கேட்டிருந்தால் எனக்கும் தெரியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் மாதம் நீ போன புதிதில், இங்கே ராத்திரி ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கிறது, எட்டு மணிக்குச் சாப்பிட்டாலும் பொழுதோடு சாப்பிட்ட கணக்குத்தான் என்று எழுதியிருந்தாய். பொழுது சாய்ந்தால் சாப்பிடாத வீட்டுப் பெண்ணல்லவா, அப்பாவின் பெருமையைக் கேட்க வேண்டுமா, திருப்பருத்திக்குன்றம் கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம், எம் பொண்ணு எட்டு மணிக்கு சாப்பிடறா, ஆனா விரதம் தப்பல என்று விடுகதை போடுகிற மாதிரிச் சொல்லிக்கொண்டு திரிந்தார். உங்களை மேலே இருக்கிற பள்ளத்தாக்குக்கு மாற்றிய பிறகுதான் வம்பு வந்திருக்கிறது. மூன்று மணிக்கே சூரியன் சிகரத்துக்குப் பின்னால் போய்விடுகிறது, அதை அஸ்தமனம் என்று எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று கேட்க ஆள் இல்லாமல், எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று மணியோடு வாயைக் கட்டிவிட்டாயாம். மண்ணுக்கடியில் விளைவதென்று உருளைக்கிழங்கு இல்லை, வெங்காயம் இல்லை, மத்தியானம் காய்ந்த ரொட்டி, அப்புறம் மறுநாள் காலை வரை ஒன்றும் இல்லை, இந்த லட்சணத்தில் நாள் முழுக்க மலை ஏறி இறங்கி நிலத்து வெடிப்பை அளந்துகொண்டிருந்தால் மயக்கம் வராமல் வேறு என்ன வரும். இது உன் தாய்மாமன் வீட்டுப் பிடிவாதம் என்று அப்பா சொல்கிறார், எந்த வீட்டுப் பிடிவாதம் என்று எனக்குத் தெரியும். உன்னை முதுகில் சுமந்துகொண்டு இறங்கிய அந்தப் பெரு நாட்டுப் பெண் நன்றாக இருக்க வேண்டும், அவளுக்கு நான் ஆசீர்வாதம் சொன்னதாகச் சொல்.

உங்கள் பயிற்சித் தலைவர் சொன்னதில் தப்பு இல்லை, பிராமி. ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்கிறவளைக் கடைசிப் பதினைந்து நாள் மேல்மலைக்கு அழைத்துக்கொண்டு போக முடியாது, அங்கே விழுந்தால் தூக்க ஆள் வராது என்றால் அந்த மனிதரைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது. மேல்மலைக்குப் போகாவிட்டால் சான்றிதழ் இல்லை, சான்றிதழ் இல்லாவிட்டால் ஊட்டியில் வகுப்பு வேறு யாருக்கோ போய்விடும், அக்டோபர் பத்தாம் தேதிக்குள் ராத்திரி சாப்பிடுகிறேன் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அப்பாவைக் கேட்டு எழுது என்று எழுதியிருக்கிறாய். நீ வேலையில் சேர்ந்த வருஷம் எஸ்டேட் வீடு ஒன்றின் மேல் மண் சரிந்து ஒரு தாயும் பிள்ளையும் போனதைச் சொல்லி, எங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்மா என்று இங்கே வந்து அழுதாயே, அன்றிலிருந்து இந்தப் படிப்பு உனக்கு எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். நம் வீட்டு விரதம் எவ்வளவு பெரியது என்றும் தெரியும். அதனால்தான் கடிதத்தைப் படித்த அன்று எனக்கு அடுப்பில் பால் பொங்கியதுகூடத் தெரியவில்லை.

அப்பா முதல் பாதியைச் சுலபமாக முடித்துவிட்டார். கோயிலில் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசி, சூரியன் மலைக்குப் பின்னாடி போனா அது மறைவுதான், அஸ்தமனம் இல்ல, மேகத்துக்குப் பின்னாடி போனா சாப்பிடாம இருக்கறோமா என்று தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். ஆகவே நீ பட்டினி கிடந்ததெல்லாம் வீண் பட்டினி. ஆனால் அக்டோபரில் நீங்கள் கூடாரம் திரும்புவதே இருட்டிய பிறகு என்று எழுதியிருக்கிறாய், அதற்கு என்ன செய்வது என்று கேட்டால் இருட்டினா இருட்டுதானே என்றார் அப்பா. நான்தான் வாதாடினேன். இருட்டில் சாப்பிட்டால் கண்ணுக்குத் தெரியாமல் பூச்சி விழுந்து சாகும் என்றுதானே இந்த விரதம், பனிக்கட்டி கிடக்கிற மலை உச்சியில் பூச்சி எங்கிருந்து வரும் என்று கேட்டேன், ரொம்பக் கெட்டிக்காரத்தனமாகப் பேசிவிட்டதாக எனக்கு நினைப்பு. அவர் அலமாரியிலிருந்து நீ ஜூலையில் எழுதிய கடிதத்தை எடுத்து அர்ஹந்திடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். சூடு ஏற ஏறப் பூச்சிகள் வருஷா வருஷம் மேலே ஏறிக்கொண்டு வருகின்றன, முன்பு கொசுவே காணாத மலைக் கிராமங்களில் இப்போது கொசு இருக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். பாத்தியா, உம் பொண்ணே சொல்றா, பூச்சியும் அவ கூடவே மலை ஏறிக்கினு இருக்குது என்றார். படிக்கிறதை எல்லாம் வீட்டுக்கு எழுதினால் இப்படித்தான் வந்து முடியும்.

பர்வம் முடியட்டும் என்று அந்தப் பேச்சைத் தள்ளி வைத்தோம். அவருக்குச் சர்க்கரை வந்ததும், டாக்டர் மாணிக்கவாசகம் ராத்திரி எட்டு மணிக்கு இரண்டு இட்லியாவது சாப்பிட்டே ஆக வேண்டும், மாத்திரை போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு படுக்கக் கூடாது என்று சொன்னதும் உனக்குத் தெரியும். பொறந்ததிலிருந்து பொழுது சாஞ்சப்புறம் தொறக்காத வாய், இதுக்குப் போயி தொறக்கறதா என்று டாக்டரிடமே சொல்லிவிட்டு வந்த மனிதர். நானும் எத்தனையோ சொல்லிப் பார்த்து, நீயும் போனில் அழுது பார்த்து, ஒன்றும் நடக்கவில்லை. போன மாதம் வரப்பில் தலை சுற்றி உட்கார்ந்த பிறகும் நடக்கவில்லை.

முந்தாநாள் திங்கட்கிழமை விளக்கு வைத்து வெகுநேரம் ஆகிவிட்டது, நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அப்பா சமையல்கட்டுக்கு வந்து மணையைப் போட்டு உட்கார்ந்தார். சாயங்காலம் சுட்ட இட்லி மீதி இருக்குதா என்றார். எனக்குக் காது சரியாகத்தான் கேட்கிறதா என்று சந்தேகம். தட்டில் இரண்டு வைத்தேன். அர்ஹந்தைக் கூப்பிட்டு ஜன்னலைச் சாத்தச் சொன்னார், இரண்டு டியூப் லைட்டையும் போடச் சொன்னார், அது போதாது என்று டார்ச்சைப் பிடிக்கச் சொன்னார், இட்லியை விண்டு விண்டு ஒவ்வொரு துண்டையும் திருப்பிப் பார்த்தார், தண்ணீரை இன்னொரு தரம் வடிகட்டச் சொன்னார். உன் தம்பி டார்ச்சோடு நின்றதைப் பார்த்தால் ஏதோ ஆபரேஷன் நடக்கிற மாதிரி இருந்தது. சிரிக்கலாம் என்று பார்த்தேன், அவர் கண்ணை மூடி அருகனை வேண்டிக்கொண்டு முதல் துண்டை வாயில் வைத்ததைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. இரண்டு இட்லியையும் ஒன்றும் தொட்டுக்கொள்ளாமல் சாப்பிட்டு முடித்தார். டாக்டர் சொன்னதற்காகவா என்று கேட்டேன். சக்கரைக்காக இருந்தா நான் சாப்பிட மாட்டேன் என்றார். பிறகு கை கழுவிக்கொண்டே, அவளுக்கு எழுது, அப்பா ராத்திரி சாப்பிட்டாருன்னு எழுது, பொண்ணு தனியா சாப்பிட வாணாம் என்றார். அவரவர் வினை அவரவருக்கு, பெற்றவரானாலும் பங்கு போட முடியாது என்று உங்கள் இருவருக்கும் சொல்லி வளர்த்தவர் அவர். எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை, கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன். நேற்றும் சாப்பிட்டார்.

ஆகவே பயிற்சித் தலைவரிடம் சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிடு, மலையில் இருக்கிற நாள் வரைக்கும் என்று மனசில் வைத்துக்கொள், ஊருக்கு வந்து பழையபடி இருந்துகொள்ளலாம். வெளிச்சத்தில் உட்கார்ந்து பார்த்துச் சாப்பிடு, டார்ச்சுக்கு பேட்டரி கூடுதலாக வாங்கி வைத்துக்கொள், கிழங்கு மட்டும் அப்போதும் வேண்டாம். காதை மூடிக் கட்டிக்கொள், ஈரக் காலுறையோடு தூங்காதே, அந்தப் பெரு நாட்டுப் பெண்ணை விட்டுத் தனியாக எங்கேயும் ஏறாதே. அருகன் அருளால் தேக சுகத்தோடு படிப்பை முடித்து வந்து, நீலகிரியில் எந்த வீட்டின் மேலும் மண் விழாமல் பார்த்துக்கொள்ள நூறு பேருக்குக் கற்றுக்கொடு, அதுதான் எங்கள் ஆசீர்வாதம். ஒன்றை மட்டும் மறக்காதே. பூச்சி இருக்கிறது, இருட்டாக இருக்கிறது, மனசு வரவில்லை என்று ஏதாவது சொல்லிக்கொண்டு அங்கே நீ பட்டினி கிடந்தால், உன் அப்பா தன் விரதத்தைச் சும்மா விட்டவராகிவிடுவார். அதை அவருக்குச் செய்துவிடாதே.

உன் சாப்பாட்டை நினைத்துக்கொண்டிருக்கும் அம்மா,
அமுதா ரிஷபதாஸ்