பையிலிருந்து பிய்த்த நரி

அசந்து தூங்குகிறாய், எழுப்பவில்லை. சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்.

பத்து மணிக்குப் பூட்டுக்காரர் வந்து வாசல் பூட்டை மாற்றுவார். ஏன் என்று அவரிடம் கேட்காதே, நானே சொல்லிவிடுகிறேன். உன்னிடம் சொன்னதுபோல் சாவியை ஆபீஸில் மறந்து வைக்கவில்லை, பஸ்ஸில் தொலைத்துவிட்டேன்.

என் பையில் நீ இஸ்திரி போட்டு ஒட்டிய நரி பேட்சை, "நான் என்ன எல்கேஜி பிள்ளையா?"ன்னு கத்திப் பிய்த்துப் போட்டேனே, அதற்கடியில் ஓர் ஓட்டை இருந்திருக்கிறது. சாவி அந்த வழியாகத்தான் போயிருக்கிறது. ஓட்டையை மூடத்தான் ஒட்டினேன் என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் எங்கே பேசவிட்டேன்.

காலையில் நானே திரும்ப ஒட்டிப் பார்த்தேன். பசை போய்விட்டது, ஒட்டமாட்டேன் என்கிறது. மேலே துணி போடாமல் தேய்த்ததில் நரிக்கு வாலும் கருகிவிட்டது.

பை மேசை மேல் இருக்கிறது. உன் பேட்ச் டப்பாவிலிருந்து வேறு எதையாவது ஒட்டிவிடு.

பி.கு.: வாத்து மட்டும் வேண்டாம்.

வாத்துதான் மிச்சம் என்றால் வாத்தே இருக்கட்டும். இரண்டாக ஒட்டு. ஓட்டைக்கு ஒன்று போதும் என்று எனக்கும் தெரியும்.