டாக்டர் கேட்ட கேள்வி

லாலாகுடா
வெள்ளிக்கிழமை

அன்புள்ள பேத்தி அனுபமாவுக்கு உன் அப்பாவைப் பெற்ற ஆயா பட்டு எழுதிக்கொண்டது.

அன்றைக்கு அந்தக் கிளினிக் அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். கட்டிலில் நீ. உன் தலைமாட்டில் உன் மாமியார் பத்மஜா. கதவோரம் அவள் தம்பி லட்சுமணன். மீசை சரியாக முளைக்காத ஒரு டாக்டர். பிறகு நான். உன் புருஷன் ஷ்யாம் காரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தான். உன் அப்பாவும் அம்மாவும் உங்கள் புது மாதாப்பூர் ஃபிளாட்டில், கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்களுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருஷம் ஆகிறது. யார் என்ன நிறம் கட்டியிருந்தார்கள் என்பதுகூட எனக்கு மறக்கவில்லை.

இங்கே எல்லாரும் சுகம். உன் அப்பாவுக்கு ஒர்க்‌ஷாப்பில் இன்னும் எட்டு மாதம்தான் வேலை. உன் அம்மா வசந்திக்கு முட்டிவலி, சொன்னால் கேட்காமல் மாடிப்படி ஏறுகிறாள். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நாலாவதோடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியவர் என் பெரியப்பா. அவர் சாவுக்குப் போயும் நான் அழவில்லை.

முந்தாநாள் நீ உன் அம்மாவோடு போனில் பேசியது என் காதிலும் விழுந்தது. நாள் தள்ளி ஐம்பது நாள் ஆகப்போகிறதாம். வலது பக்கம் அடிவயிற்றில் சுருக் சுருக்கென்கிறதாம். துணியில் லேசாகக் கறை. "ஸ்கேன் எடுத்தியாடி?" என்று வசந்தி கேட்டதற்கு, "ஷ்யாம் அமெரிக்காவிலிருந்து வரட்டும்மா, அந்த டேபிள்ல மறுபடி தனியா படுக்க எனக்கு தைரியமில்ல" என்றாய். அவன் வர இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. புனேயில் உன் வீட்டுக்குப் பத்து நிமிஷ தூரத்தில், மூத்த மகன் உமேஷ் வீட்டில்தானே உன் மாமியார் இருக்கிறாள், கூப்பிடு என்று வசந்தி சொன்னாள். "என்னை அந்த நிலைமைக்குக் கொண்டுவந்தவங்க என் வாசலை மிதிக்கக் கூடாது" என்று போனை வைத்துவிட்டாய்.

இப்போது சொல்வதை உட்கார்ந்து படி. அன்று காலை பால் காய்ச்சும்போதே நீ என்னிடம் வயிறு வலிக்கிறது, தோள்பட்டைகூட இழுக்கிறது என்றாய். வாயு, ஓமத்தண்ணீர் குடி என்றேன். பத்து மணிக்கு மயங்கி விழுந்தாய். கிளினிக்கில் அந்த டாக்டர் தெலுங்கில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். ப்ரெக்னென்ஸி ஏமைனா உந்தா அம்மா, மாசமாக இருக்கிறாளா என்று. உனக்குக் கண் சொருகிக் கிடந்தது. பத்மஜா "அவுனு", ஆமாம், என்று சொல்ல வாயெடுத்தாள்.

நான் அவள் கையைக் கிள்ளினேன். நகம் பதிகிற மாதிரி. "லேது", இல்லை, என்று பதில் சொன்னது நான்.

மூன்று மாதம் முடியாமல் வெளியில் சொல்லக்கூடாது என்பது நான் உங்களுக்கெல்லாம் போட்ட சட்டம். கதவோரம் லட்சுமணன் நின்றான். அவன் காதில் விழுந்தால் சாயங்காலத்துக்குள் செகந்திராபாத் முழுக்கத் தெரிந்துவிடும். அவன் வெளியே போனதும் டாக்டரிடம் மெல்லச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவன் போகவில்லை. நர்ஸ் வாயு ஊசியோடு வந்துவிட்டாள். போட்டும்விட்டாள்.

நாலு மணிக்கு நீ சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போனாய். பெரிய ஆஸ்பத்திரியில் நாலு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். கரு பைக்குள் தங்காமல் குழாயில் தங்கி, குழாயே வெடித்துவிட்டது, காலையில் தெரிந்திருந்தால் வெடிக்கும் முன்னே பார்த்திருப்போம் என்றாள் அந்த டாக்டரம்மா. வராந்தாவில் வசந்தி தலையில் அடித்துக்கொண்டு, மாசமில்லைன்னு எந்தப் பாவி சொன்னது என்று கத்தினாள். "உன் சம்பந்தியைக் கேள்" என்றேன். என் வாயிலிருந்து அப்படித்தான் வந்தது.

பத்மஜா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "பெரியவங்க சொன்னா சரிதான்" என்றாள். அன்றிலிருந்து நீ அவளை அத்தை என்று கூப்பிட்டதில்லை. நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

போனில் சொல்லலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன். வசந்தி பக்கத்தில் நின்றாள், வைத்துவிட்டேன். பக்கத்து குவார்ட்டர்ஸ் மணிவண்ணன் இன்று ராத்திரி வண்டியில் புனே வருகிறான். காலையில் இதை உன் கையில்தான் கொடுப்பான். அவன் ஏறியதும் வசந்தியிடமும் சொல்லிவிடுவேன். என்னை என்ன செய்வதென்று அவள் முடிவு பண்ணட்டும்.

நீ படித்து முடித்ததும் உன் அத்தைக்குப் போன் போடு. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அந்த மேஜையில் படு. டாக்டர் கேட்கும் முன்னே, போன தடவை ஒரு குழாய் போய்விட்டது, இப்போது ஐம்பது நாள் என்று நீயே சொல். வாசலில் ஊரே நின்றாலும் சத்தமாகச் சொல். தோள்பட்டை இழுத்தால் ஸ்கேனுக்குக்கூடக் காத்திருக்காதே, வண்டியைப் பிடி. உனக்கு இருப்பது இன்னும் ஒரு குழாய்தான், கண்ணு. உயிர் ஒன்றுதான்.

நீ நன்றாக இரு. தீர்க்காயுசாக இரு.

இப்படிக்கு,
உன் ஆயா பட்டு

கையெழுத்துப் போட்ட பிறகும் மனம் ஆறவில்லை, அதனால் இதையும் எழுதுகிறேன். என்னை மன்னி என்று நான் கேட்கவில்லை. இத்தனை வருஷம் மன்னிக்காமல் நெஞ்சில் வைத்திருந்த எல்லாரையும் இன்றோடு விட்டுவிட்டேன். ஆனால் இதைப் படித்த பிறகும் நீ கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தால், சாகும்வரை நான் மன்னிக்காதவள் ஒருத்திதான். அவள் பெயர் அனுபமா.