கொலுசு போட்ட கார்

ஜூன் 3

காலை வகுப்பில் துர்கா வண்டியை இடப்பக்கம் ஒடித்ததும் கேட்டது. கிணிங். பிரேக் போட்டதும் இன்னொரு கிணிங்.

“அக்கா, யாரோ கொலுசு போட்டுக்கினு நடக்கற மாதிரி இல்ல?” என்றாள்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே, ரோட்டைப் பார் என்றேன். கேட்டது. நன்றாகவே கேட்டது. இருப்பது ஒரே கார். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள் வண்டியே சத்தம் போட்டால் யார் வந்து கற்றுக்கொள்வார்கள்?

ஜூன் 5

மெக்கானிக் அம்மாவாசை அண்ணனிடம் விட்டேன். ரேடியோவை அலறவிட்டுக்கொண்டு ஒரு சுற்று போய்விட்டு வந்தார். “ஆக்சில்தாம்மா. வேற இன்னா?” என்றார். ரேடியோவை அணைத்துவிட்டுக் கேட்டிருக்கலாமே என்று நாக்கு நுனி வரை வந்தது. வேலை முடித்துக் கொடுத்தார். பட்டறை வாசலில் திரும்பினேன். கிணிங்.

திரும்பிப்போய்க் கத்திவிட்டு வந்தேன். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 9

துர்கா இனிமேல் வரமாட்டாளாம். அவள் மாமியார் போன் செய்தார். “அந்த வண்டில மோகினி இருக்குதாமே? முத்தியால்பேட்டை முழுக்க அதான் பேச்சு.”

யார் சொன்னது என்று கேட்டேன். மணிக்கூண்டு பக்கம் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறாரே, அவர் என்றார்.

புருஷோத்தமன்.

அவனிடம் நான்கு வருஷம் வேலை பார்த்தேன். அவன் ஸ்கூலுக்குப் பெண்கள் வந்ததே என்னால்தான். எல்லாரும் “சங்கவி மேடம் சொல்லிக்கொடுத்தாத்தான் வருவோம்” என்று சொல்ல ஆரம்பித்ததும் அவனுக்கு வயிறு எரிந்தது. கட்டியவனை விட்டுவிட்டு வந்தவள், பயிற்சி என்ற பேரில் கண்ட ஆம்பளைகளோடு ஊர் சுத்துறா என்று கதை கட்டிவிட்டு வேலையை விட்டு நிறுத்தினான். அந்தப் பேச்சு குருசுக்குப்பத்தில் என் வீட்டு வாசல் வரை வந்தது. அம்மா ஒரு வாரம் மீன் வாங்கக்கூட வெளியே போகவில்லை. அதற்குப் பிறகுதான் இந்த வண்டியை வாங்கி, பெண்களுக்கு மட்டும் என்று போர்டு மாட்டினேன்.

இப்போது என் வண்டிக்கும் கதை கட்டுகிறான். அன்றைக்கு எனக்கு ஆம்பளை, இன்றைக்கு என் வண்டிக்கு மோகினி!

ஜூன் 10

நாசமாப் போவான்.

ஜூன் 13

கண்டுபிடித்துவிட்டேன். போன மாசம் லைசென்ஸ் டெஸ்ட் அன்று நான் வரிசையில் நின்றபோது அவன் என் வண்டியில் சாய்ந்துகொண்டு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். கண்ணாடி இறங்கியிருந்தது. அப்போதுதான் எதையோ உள்ளே போட்டிருக்கிறான். சத்தத்தை அவனே வைத்துவிட்டு, பேய் என்று அவனே தண்டோரா போடுகிறான். அடேங்கப்பா, என்ன மூளை!

விடமாட்டேன். என்ன செய்யலாம்? டீசலில் சர்க்கரை போடலாமா? வேண்டாம், வண்டி என்ன பாவம் செய்தது. போர்டில் சாணி அடிக்கலாம். சாணிக்கு எங்கே போவது?

ஜூன் 14

மதியம் ஊரே கடையைச் சாத்திவிட்டுத் தூங்கும் நேரம். குடையை விரித்துக்கொண்டு அவன் ஸ்கூல் வாசலுக்குப் போனேன். அங்கே நின்ற அவன் காரின் இரண்டு டயரில் காற்றைப் பிடுங்கினேன். புஸ்ஸென்று அது போன சத்தம் இருக்கிறதே, காதுக்குள் தேன் விட்ட மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

ஜூன் 16

தையல்நாயகி இன்று புருவத்தில் பிளாஸ்திரியோடு வந்தாள். இப்போது என்னிடம் படிப்பவர்களில் இவள்தான் கெட்டிக்காரி. சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, கிளட்சை வெண்ணெய் மாதிரி விடுகிறாள். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் ஓட்டுவாள். பேச்சு மட்டும் குறைவு.

என்ன ஆச்சு என்றேன்.

“வூட்டுக்காரரு தட்ட விட்டெறிஞ்சாருக்கா. செவுத்துல பட வேண்டியது.”

“எதுக்கு?”

“வெளிய யாரோ அவர வெறுப்பேத்திட்டாங்க. வூட்ல வந்து காட்டறாரு.”

வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன். அந்த ஆளை ஒரு நாள் என் கையில் விடு என்றேன். சிரித்தாள். சிரித்தால் வலிக்கிறது என்று உடனே நிறுத்திக்கொண்டாள். வெறுப்பேத்தினவனையும் சேர்த்துத் திட்டினேன்.

ஜூன் 20

இன்று வகுப்பு இல்லை. வகுப்புக்கு ஆளே இல்லை என்பதுதான் உண்மை. நானே ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். ஒவ்வொரு கதவாக முஷ்டியால் குத்திப் பார்த்தேன். டிரைவர் பக்கக் கதவைக் குத்தியதும் கிணிங். உள்பலகையைக் கழற்றி, கையை அடி வரை விட்டுத் துழாவினேன்.

ஒரு மெட்டி. கனமான வெள்ளி மெட்டி.

கண்ணாடி இறங்குகிற இடுக்கில் ரப்பர் இற்றுப்போயிருக்கிறது. அது வழியாகத்தான் போட்டிருக்கிறான். கொலுசு மாதிரி சத்தம் வர வேண்டும் என்று தேடிப் பிடித்து மெட்டியைப் போட்டிருக்கிறான், பொறுக்கி. புருஷன் இல்லாதவள் வண்டியில் மெட்டி! குத்திக் காட்டுகிறானாம்.

எனக்கு ஒடம்பெல்லாம் எரியுது. நாளைக்கு இருக்குடா ஒனக்கு.

ஜூன் 21

போனேன். அவன் எதிரில் நான்கைந்து பேர் படிவம் எழுதிக்கொண்டிருந்தார்கள். மெட்டியை மேசை மேல் வீசினேன்.

“இது யாருதுன்னு நீயே சொல்லு.”

எடுத்தான். உள்ளங்கையில் போட்டு உருட்டினான். வெளிச்சத்தில் காட்டினான். எப்படியும் அவன் முழி மாறும் என்று கண் கொட்டாமல் பார்த்தேன். மாறவே இல்லை.

“வெள்ளியா, முலாமா?” என்றான். “எவ கால்ல இருந்து கழட்டின சங்கவி? இப்ப இந்தத் தொழிலும் ஆரம்பிச்சிட்டியா?”

எல்லாரும் சிரித்தார்கள். மெட்டியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அழவில்லை. அவனுக்காக நான் அழுவேனா?

ஆனால் ஒன்று உறுத்துகிறது. அவன் நடிக்கவில்லை. அவன் நடித்தால் எனக்குத் தெரியும், நான்கு வருஷம் பார்த்தவள். அந்த மெட்டியை அவன் முன்னே பின்னே பார்த்ததே இல்லை.

ஜூன் 23

தையல்நாயகி ஏறி உட்கார்ந்தாள். டேஷ்போர்டில் மெட்டி கிடந்தது. அவள் முகம் வெளுத்துவிட்டது.

“கெடச்சிடிச்சாக்கா?”

கிளட்ச் மிதிக்கும்போது மெட்டி குத்துகிறது என்று இடது காலில் மட்டும் கழற்றி, கண்ணாடி ஓரம் வைத்தாளாம். வண்டி நகர்ந்ததும் உள்ளே விழுந்துவிட்டது. மெட்டியைத் தொலைத்தேன் என்று எந்த வாயால் சொல்வது? என்னிடம் சொன்னால் யார் வீட்டுப் பெண் என்று கேட்பேனோ என்று பயமாம். கால் விரலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு, கல் தடுக்கிவிட்டது என்று வீட்டில் சமாளித்திருக்கிறாள்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. “இதுக்காடி நான் அந்தப் புருஷோத்தமன் கடை வரைக்கும் போயி மானங்கெட்டு வந்தேன்!”

அவள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“அவருதாங்க்கா எங்க வூட்டுக்காரரு.”

நான்கு வருஷத்தில் அவன் பெண்டாட்டி பெயர்கூட எனக்குத் தெரியாது. “வீட்ல” என்பதற்கு மேல் அவன் வாயில் வந்ததில்லை. இவள் கொடுத்த ஆதாரில் அப்பா முருகையன் பெயர்தான் இருந்தது. ஊருக்கெல்லாம் வண்டி கற்றுக்கொடுக்கிறவன் கட்டினவளுக்கு மாட்டேன் என்றிருக்கிறான். எங்கே போகப்போகிறாய் என்று கேட்டானாம்.

“அதுக்கு ஏன் எங்கிட்ட வந்த?”

“உங்கள திட்டாத நாளே இல்ல வூட்ல. அந்த மனுசன் இவ்ளோ பயப்படற பொம்பள யாருன்னு பாக்க வந்தேன்.”

எனக்குப் புருவத்துப் பிளாஸ்திரி அப்போதுதான் உறைத்தது. சொல்லிவிட்டேன். டயரில் காற்றைப் பிடுங்கினது நான்தான், அந்தத் தட்டு என்னால்தான் பறந்தது, மன்னிச்சிடுடி.

புருவத்தைத் தடவிக்கொண்டாள். பிறகு, “ரெண்டோட ஏங்க்கா விட்டீங்க?” என்றாள்.

மெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இத அவரு கையில வாங்கிப் பாத்தாரா?”

“பாத்தான்.”

“தெரியலையா?”

இல்லை என்று தலையாட்டினேன்.

“அம்மி மேல என் கால வச்சி அவருதானக்கா போட்டாரு. பதினோரு வருசமா அந்த வூட்ல இதப் போட்டுக்கினுதான நடக்கறேன்.”

அழுவாள் என்று நினைத்தேன். மெட்டியைப் பர்ஸில் போட்டு ஜிப்பை இழுத்தாள். “வண்டிய எடுக்கட்டுமா?” என்றாள்.

லாஸ்பேட்டை ஹெலிபேட் மைதானத்தில் அவள் ஓட்டிய ஓட்டு! என் பக்கத்து பிரேக்கை நான் ஒரு தடவைகூடத் தொடவில்லை.

ஜூன் 24

சாணியும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம். அவன் பெண்டாட்டி, என் வண்டியில், அவன் நிற்கிற டெஸ்ட் மைதானத்தில், அவன் கண் முன்னால் லைசென்ஸ் வாங்க வேண்டும். அந்த நேரம் அவன் மூஞ்சி போகிற போக்கை நான் பார்க்க வேண்டும். அது போதும். அதுக்காகத்தான் இப்ப சோறே திங்கறேன்.

ஜூலை 2

ரிவர்ஸ். இரண்டு தடவை கம்பத்தை இடித்தாள். எருமை, கண்ணாடியப் பாரு என்று கத்தினேன். “அவரு மாதிரியே கத்தறீங்க” என்றாள்.

அதற்கு மேல் கத்தவில்லை.

ஜூலை 8

துர்கா திரும்பி வந்தாள். சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினாள். மோகினி எங்கேக்கா என்றாள். லைசென்சுக்குப் படிக்கிறாள் என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

ஜூலை 17

டெஸ்ட். அவன் தன் ஆட்களோடு மர நிழலில் நின்றுகொண்டிருந்தான். தையல்நாயகி பெயரைக் கூப்பிட்டார்கள். இன்ஸ்பெக்டரை உட்கார வைத்துக்கொண்டு ஓட்டினாள். நான் வெளியே நின்றபடி சக்கரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கோட்டைத் தொடாதே, கோட்டைத் தொடாதே என்று என் கால் தரையில் பிரேக் மிதித்துக்கொண்டே இருந்தது. தொடவில்லை. பாஸ் என்றார்.

நான் ஓடிப்போய்ப் பக்கத்து சீட்டில் ஏறினேன். பின்னாலிருந்து அவன் குரல் வந்தது.

“ஏய்! எறங்குடி கீழ!”

இண்டிகேட்டர் போட்டாள். கண்ணாடி பார்த்தாள். முதல் கியர். வண்டி ஒரு குலுக்கல் இல்லாமல் கேட்டைத் தாண்டியது.

“எங்கடி போற?” என்றேன்.

“அம்மா வூட்டுக்கு. துணி நேத்தே போயிடுச்சி. வழி எனக்குத் தெரியுங்க்கா.”

சிக்னலில் சிவப்புத் தொப்பி போலீஸ் கை காட்டினார். நிறுத்தினாள். அப்போதுதான் இரண்டு பேருக்கும் மூச்சு வந்தது.

“அக்கா, அவரு மூஞ்சி எப்டி இருந்திச்சி?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “நான் பாக்கலடி. உன் கிளட்ச் காலத்தான் பாத்துக்கினு இருந்தேன். நீ?”

“நானும் பாக்கல. பின்னாடி பஸ்ஸு வந்திச்சி. அதத்தான் பாத்தேன்.”

இத்தனை நாள் காத்திருந்த மூஞ்சியை இரண்டு பேருமே கோட்டை விட்டோம்.