படகோட்டிக்கும் ஓர் அட்டை

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான், உன் அப்பா, படகு மூவரும் ஓடிக்கொண்டிருக்கிறோம், மூவரில் படகுக்குத்தான் வயது குறைவு, அதனால் அது மட்டும் முனகாமல் ஓடுகிறது. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்பதை மட்டும் நம்பவில்லை. போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்காதே, ஏன் என்று கடைசியில் தெரியும்.

போன வாரமும் அழுதாய். நீ வேலைக்காக அவ்வளவு தூரம் போனதிலிருந்து அப்பா உன்னோடு பேசுவதே இல்லை, போனை எடுத்த உடனே என்னிடம் கொடுத்துவிடுகிறார், இன்னும் கோபமா என்று கேட்டாய். கோபமும் இல்லை மண்ணாங்கட்டியும் இல்லை, அவருக்குக் காது கேட்கவில்லை. மூன்று வருஷமாக. டாக்டர் கொடுத்த காது மிஷின் பீரோவில் டப்பாவோடு தூங்குகிறது. உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார், நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அது என் தப்புதான்.

மாற்றுத்திறனாளிகளை ஆற்றில் உலா கூட்டிப்போகிற நம் படகு உனக்குத் தெரிந்ததுதான், சாய்பலகை போட்டால் சக்கர நாற்காலி நேராக உள்ளே வரும், பார்வை இல்லாதவர்கள் பிடித்து நடக்கச் சுற்றிலும் கம்பி. நீ பார்க்காதது இந்த அட்டை. ஏறுகிற ஒவ்வொருவரும் தனக்கு என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும், எழுதியதைச் செய்யாமல் கயிற்றை அவிழ்ப்பதில்லை. எல்லாம் உன் அப்பா போட்ட சட்டம். என்னைக் கேட்காமல் நாற்காலியைத் தள்ளாதீர்கள் என்று ஒருவர் எழுதுவார், கையைப் பிடிக்காதீர்கள், தோளைக் கொடுங்கள் என்று இன்னொருவர் எழுதுவார். முழங்காலைப் பிடித்துக்கொண்டே வந்து, எனக்கு எதுவும் வேண்டாம் என்று மிடுக்காகச் சொன்ன ஓர் அதிகாரியின் மனைவியை அரை மணி நேரம் கரையில் நிறுத்திவிட்டார். “வெட்கப்படுறவங்க கரையில நின்னு வேடிக்கை பாருங்க, என் படகுல இடமில்ல” என்று பிரசங்கம் வேறு. ஊருக்குத்தானே உபதேசம்.

சனிக்கிழமை பதினோரு பேர் வந்தார்கள், அதில் ஆறு பேர் நாற்காலியில். படகின் முன்பக்கம் ஆப்பரேட்டர் இருந்தார். டெலிபோன் ஆபீசில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர், பிறவியிலேயே பார்வை இல்லை, மாதம் தவறாமல் வருவார். ஆற்றுத் திருப்பத்தில் மணல் ஏற்றிய பெரிய படகு ஒன்று எங்களுக்குப் பின்னால் இடதுபக்கமாக வந்து சங்கு ஊதியது. ஒரு தடவை இல்லை, நாலு தடவை. செவிடன் காதில் ஊதின சங்கு என்பதை இத்தனை நாள் வெறும் பழமொழி என்றுதான் நினைத்திருந்தேன். உன் அப்பா புன்சிரிப்போடு அதன் வழிக்கே திருப்பினார். பின்னால் நாற்காலி பிரேக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்த நான் ஓடி வருவதற்குள், ஆப்பரேட்டர் கம்பியைத் தடவிக்கொண்டே போய் அவர் தோளைப் பிடித்து, சுக்கானோடு சேர்த்து வலதுபக்கம் இழுத்துவிட்டார். மணல் படகு ஒரு முழம் தள்ளிப் போனது. எல்லாரும் தொப்பலாக நனைந்து கரைக்கு வந்தோம். உன் அப்பாவோ “காத்து எதிர்ப்பக்கம் அடிச்சுது, அதான்” என்றார். அன்றைக்கு ஓர் இலைகூட அசையவில்லை.

ஆப்பரேட்டர் சண்டை போடவில்லை. என்னிடம் புது அட்டை ஒன்று கேட்டு, தான் சொல்லச் சொல்ல எழுதச் சொன்னார். சுக்கான் பிடிப்பவருக்குக் காது கேட்க வேண்டும், அதுதான் என் தேவை, இல்லையென்றால் ஏற மாட்டேன். அதை உன் அப்பா கையில் வைத்து, “அடுத்த மாசத்துக்கு இப்பவே குடுத்துட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தான் போட்ட சட்டத்தில் தானே மாட்டிக்கொண்டார் மனிதர்.

வீட்டுக்கு வந்து என் மேல் பாய்ந்தார், நீயா எழுதினாய் என்று. ஆமாம் என்றேன், அதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. வெட்கப்படுகிறவர்கள் கரையில் நின்று வேடிக்கை பார்க்கட்டும் என்று காகிதத்தில் எழுதி நீட்டினேன். இரண்டு நாள் படகு ஓடவில்லை. மூன்றாம் நாள் காலையில் காதில் மிஷின், கழுத்தில் அட்டை. படகோட்டி, காது மந்தம், மிஷின் போட்டிருக்கிறேன், வலதுபக்கம் நின்று பேசவும், கத்த வேண்டாம். அந்தக் கடைசி வரியை என்னைப் பார்த்துக்கொண்டே அடிக்கோடிட்டார். இப்போது பின்பக்கம் பார்க்க ஓர் ஆளும் வைத்திருக்கிறார். வந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை, அந்த அதிகாரியின் மனைவி மட்டும் வயிறு குலுங்கச் சிரித்தார், அவருக்கு அந்த உரிமை உண்டு.

மூன்று வருஷமாக நான் நிம்மதியாக முணுமுணுத்துக்கொண்டிருந்தேன், அந்தச் சுகம் போயிற்று. போனில் இதையெல்லாம் சொன்னால் அடுத்த அறையிலிருந்தே கேட்டுவிடுவார், அதனால்தான் கடிதம். இன்னொன்று. நீ அவர் போனுக்கு அனுப்பிய குரல் பதிவுகள் ஒன்றைக்கூட அவர் அழிக்கவில்லை, கேட்டதும் இல்லை. நேற்று கட்டிப்போட்ட படகில் தனியாக உட்கார்ந்து முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டார். சாப்பிடக் கூப்பிடப் போனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, “இவ குரலே மாறிப்போச்சு” என்றார். நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன், சாப்பாடு ஆறிப்போயிற்று.

நோய் நொடி இல்லாமல் நன்றாக இரு, தலைக்கு எண்ணெய் வை, இராத்திரியில் சீக்கிரம் படு. ஞாயிற்றுக்கிழமை போனை அவர்தான் எடுப்பார். மூன்று வருஷக் கணக்கைக் கேட்டு வறுத்தெடு, விடாதே. ஆனால் கத்தாதே, அட்டையில் எழுதியிருக்கிறது.

இப்படிக்கு,
இனி வாய்க்குள்ளேகூட முணுமுணுக்க முடியாத
உன் அம்மா