நீ கழற்றித் தந்த சக்கரம்

பஞ்சர் ஒட்டும் பசையின் வாடை இன்னும் விரலை விட்டுப் போகவில்லை. காலையில் என் சைக்கிளின் முன்சக்கரத்துக்கு ஒட்டுப் போட்டேன். மூன்று தடவை ஒட்டியும் காற்று நிற்கவில்லை. அலுத்துப்போய் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன், நண்பா. அது உன் சக்கரம்.

இத்தாலியில் பன்னிரண்டு வருடம் சம்பளத்துக்குச் சைக்கிள் பந்தயம் ஓட்டியவன் நீ. ஜெயிப்பது உன் வேலை இல்லை. அணித் தலைவனுக்குத் தண்ணீர் கொண்டுபோவதும், அவன் சக்கரம் பஞ்சரானால் உன்னுடையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சாலையோரம் நிற்பதும்தான் வேலை. பிறகு எங்கள் தீவுக்கு, கான் தெ மாஸ்க் பக்கம் ஒரு சர்க்கரை ஆலைக்கு மெக்கானிக்காக வந்தாய். போர்ட் லூயிஸ் ஆபீஸ் குமாஸ்தாவான நான் ஞாயிற்றுக்கிழமைகளில் உன்னோடு ஓட்டினேன். முழங்கால் போய்விட்டது, இந்த வருடத்தோடு சரி, அதற்குள் ஒரே ஒரு தடவை எல்லைக்கோட்டை முதலில் தாண்ட வேண்டும் என்று என்னிடம் மட்டும்தான் சொன்னாய்.

அந்தக் கடைசிப் பந்தயத்தில், காத்ர் போர்ன் சாலை ஏற்றத்தில், நாம் இருவர்தான் முன்னால். நீ பத்து முழம் முந்தியிருந்தாய். என் சக்கரம் புஸ்ஸென்று இறங்கிய சத்தம் கேட்டதும் நின்றாய். நான் வாய் திறப்பதற்குள் உன் சக்கரத்தைக் கழற்றி என் சைக்கிளில் மாட்டி, முதுகில் கைவைத்துத் தள்ளியும் விட்டாய். திரும்பிப் பார்த்தேன். என் பஞ்சரான சக்கரத்தைப் பிடித்தபடி, அப்போதுதான் விழித்துக்கொண்டவன் மாதிரி நின்றாய். இங்கே உனக்குத் தலைவன் யாருமில்லை என்பது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

நான் இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. எனக்கும் ஜெயிக்க ஆசை இருந்தது.

மாலையில் ஜெயித்த கோப்பையோடு நான் வந்தபோது என் முகத்தைப் பார்த்து, "பழக்கம், காமராத். கை என்னைக் கேக்கல," என்றாய். நண்பனை நீ அப்படித்தான் கூப்பிடுவாய். சக்கரத்தைத் திருப்பிக் கொடுத்தேன். நீ வாங்கவில்லை.

போன மாதம் உன்னை அடக்கம் செய்த இடத்தில், இவர் எப்போதாவது ஜெயித்ததுண்டா என்று ஆலைக்காரர் ஒருவர் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன். வீடு திரும்பும் வழியெல்லாம் வெட்கமாக இருந்தது.

இன்று மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒரு சக்கரம் மட்டும் ஏன் வேறு மாதிரி இருக்கிறது என்று கேட்டாள். கடையில் வாங்கியது என்றுதான் வீட்டில் இதுவரை சொல்லியிருந்தேன். இன்று உன் பெயரைச் சொன்னேன். அலமாரியில் இருக்கும் கோப்பை யாருடையது என்றும் சொன்னேன்.