கட்டில் வகுப்பு

ஜூன் 4

ஜெர்மன் பாடம் எழுத வாங்கிய நோட்டில் சொந்தக் கதை எழுதுகிறேன். தப்புதான், மன்னிக்க வேண்டும். யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வராது.

நர்சிங் முடித்தாயிற்று. வெளிநாட்டு முதியோர் இல்லத்தில் வேலை கிடைக்க இந்த மொழிப் பயிற்சி. இன்று மரியாதைச் சொற்கள். நோயாளியை எப்போதும் 'ஸீ' என்றுதான் அழைக்க வேண்டுமாம், நம் 'நீங்கள்' மாதிரி. 'டூ' என்றால் 'நீ'. "ஒரே ஒரு டூ வாயில வரட்டும், பரீட்சை அவுட்," என்றார் சார். அவர் கையெழுத்துப் போட்டு சீல் வைத்த சான்றிதழ் இல்லாமல் விமானம் ஏற முடியாது. வீட்டில் படித்தவள் நான் ஒருத்திதான். நான் போனால்தான் அப்பா மூட்டை தூக்குவதை நிறுத்துவார்.

ஜூன் 6

செய்முறை அறையில் ஒரு கட்டில். நோயாளியாகப் படுக்க எங்கள் மையத்து வாட்ச்மேனைக் கூப்பிட்டார்கள். அறுபதைத் தாண்டியவர். பதினாறு பேரும் வரிசையாகப் போய், 'ஸீ' போட்டுக் குழைந்து, தலையணையைச் சரிசெய்தோம். முடிந்ததும் சார் சொன்னது: "ஏய், எந்திரி. போய் கேட்டப் பாரு."

அவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார்.

ஜூன் 7

அவனை, அவளை, அவர்களை. நாள் முழுக்க ஜெர்மன் வேற்றுமை அட்டவணை. ஒன்றும் ஏறவில்லை.

ஜூன் 11

இன்றும் வாட்ச்மேன்தான் நோயாளி. பாதியில் எழப் பார்த்தார். "சார், ஒண்ணுக்குப் போயிட்டு வந்துடறேன்."

"பேஷண்ட்டு ஜெர்மன்ல கேக்கட்டும், விடறேன்," என்றார் சார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் — பல் தெரிந்ததே.

என் முறை வந்தபோது விரிப்பு நனைந்திருந்தது. அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் என்ன செய்தேன்? பிழையில்லாமல் 'ஸீ' போட்டு எல்லாக் கேள்வியும் கேட்டேன். பிறகு தமிழில், "கால நகர்த்து" என்றேன். 'நகர்த்துங்க' இல்லை, 'நகர்த்து'. அப்பா வயசுக்காரர்கிட்ட. சீ, என்ன ஜென்மம் நான்?

சார் குறித்துக்கொண்டது: 'மிக நன்று'.

ஈரத்தைத் தொட எனக்கு அருவருப்பு இல்லை, படித்த வேலை. இந்த வாய்தான் நாறுகிறது.

"விடுடி, அவருக்குப் பழகிப்போச்சு," என்கிறாள் அறைத்தோழி. பழகிவிட்டதென்று அவர் வந்து சொன்னாரா?

ஜூன் 12

கேட்டருகே போய் நின்றேன். "நேத்து மரியாதையில்லாம பேசிட்டேன்…"

"அட, நீங்க அந்தப் பாஷையில நல்லாத்தானேம்மா பேசுனீங்க?" என்றார், கண்ணைப் பார்க்காமல்.

ஜூன் 20

தேறிவிட்டேன். சார் கையெழுத்துப் போட்டார். சீல் விழுந்து தாள் என் கைக்கு வந்த பிறகு சாரிடம் ஒன்று கேட்கலாம் என்றுதான் இருந்தேன். அந்தச் சாமர்த்தியமும் கேவலம்தான். அதற்குள் சார் வாசலில் நின்ற வாட்ச்மேனைப் பார்த்து, "ஏய், உள்ள போய் சீல் எடுத்துட்டு வா" என்றார்.

கேட்டுவிட்டேன்:

"சார், சீல் அப்புறம் வைங்க. அவர்கிட்ட ஒரு தடவ 'நீங்க'ன்னு பேசுங்க சார். தமிழ்லயே."